அப்பா மணி

என்மேல் உயிரையும் வைத்து, என் பேச்சை ஒரு நாளும் கேட்காத அப்பாவுக்கு,

உங்கள் டெலஸ்கோப் வேலை செய்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு மொட்டைமாடியில், மழை விட்ட ஒரு சாயங்காலம், இரண்டே நட்சத்திரத்தில் அது வானத்தைப் பிடித்துக்கொண்டது. ரிமோட்டில் ‘அலைன்மெண்ட் சக்சஸ்’ என்று எழுத்து வந்தது. ஒன்றரை வருஷம் நீங்கள் பார்க்க ஆசைப்பட்டு ஒரு நாளும் பார்க்காத எழுத்து.

சந்தோஷத்தில் இதை எழுதவில்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் போடுவதும் வேண்டுமென்றேதான். வீட்டுக்குள்ளேயே பேசி மூடிய விஷயங்கள் நமக்குப் போதும்.

அம்மாவைப் புதுக்கோட்டைக்கு என்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டை வாடகைக்கு விடப்போகிறோம். டெலஸ்கோப்பை விற்றுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். “ஓடாத சாமான யாரு வாங்குவா? நீதான் அதெல்லாம் படிச்ச பிள்ளையாச்சே. சரி பண்ணிட்டு வில்லு” என்றாள் அம்மா.

படிச்ச பிள்ளை. இரண்டு வருஷம் பிசிக்ஸ் படித்து, மூன்றாம் வருஷம் நல்ல இடம் வந்ததென்று நிறுத்தப்பட்ட பிள்ளை. ஒரே ஒரு வருஷம் பொறுங்கள் என்று உங்களிடம் எத்தனை தடவை கேட்டேன்? “நேரமாச்சு ஏளா” என்றீர்கள். எதற்கு நேரமாயிற்று என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. கல்யாணத்தன்றும் அதையே சொல்லி எல்லோரையும் விரட்டினீர்கள். நாம் போனபோது வேதக்கோயிலைத் திறக்க உபதேசியார்கூட வந்திருக்கவில்லை. பட்டுச்சேலையோடு வேப்பமரத்தடியில் நாற்பது நிமிஷம் நின்றேன்.

எல்லாம் அந்தக் கடிகாரத்தால். ஹாலில் தொங்கிய கடிகாரம், உங்கள் கைக்கடிகாரம், இரண்டும் எப்போதும் பதினைந்து நிமிஷம் முந்தி ஓடும். துறைமுகத்துக்குப் போகிற டூட்டி பஸ்ஸை ஒரே ஒரு தடவை விட்டுவிட்டு, அன்றைக்கு முள்ளை முன்னால் தள்ளி வைத்தீர்களாம். நாங்கள் அதற்கு ‘அப்பா மணி’ என்று பேர் வைத்திருந்தோம். சிக்னல் ஸ்டேஷனில் கப்பல் வருகிற நேரத்தை நிமிஷம் பிசகாமல் எழுதியவர் நீங்கள். அங்கே இருந்தது துறைமுகத்துக் கடிகாரம். ஓய்வு பெற்ற பிறகு உங்களிடம் மிஞ்சியது அப்பா மணி மட்டும்தான்.

அப்புறம் நீங்கள் டெலஸ்கோப் வாங்கினீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் வந்து சொல்லித்தான் தெரியும். என்னைக் கட்டிக்கொடுத்து நோட்டுப் புத்தகக் கடையில் உட்காரவைத்துவிட்டு, நீங்கள் சனிக்கிரகம் பார்க்கக் கிளம்பினீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்றே எழுதுகிறேன்.

அது தானே வானத்தில் தேடிப் போகிற வகை. நாளையும் நேரத்தையும் இடத்தையும் போட்டால், கணக்குப் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் பக்கமாகத் திரும்பி நிற்கும். அந்த நட்சத்திரத்தை நடுவில் கொண்டுவந்து, இதுதான் என்று நாம் பொத்தானை அமுக்க வேண்டும். இரண்டாவது நட்சத்திரத்துக்கும் அப்படியே. நாம் தப்பான நட்சத்திரத்தைக் காட்டினாலும் அது நம்பிக்கொள்ளும். இரண்டாவதில்தான் கணக்கு இடித்து, ‘அலைன்மெண்ட் ஃபெயில்டு’ என்று சொல்லும்.

முதல் தடவை போன் செய்தீர்கள். “ஏளா, இது சரியா நிக்க மாட்டேங்கு. ஃபெயில்டு ஃபெயில்டுன்னே சொல்லுது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்.” கடையில் வேலை இருக்கிறது என்றேன். இரண்டாம் தடவை இன்னும் இறங்கி வந்து கேட்டீர்கள். “நான் பாதியில நிறுத்துனவ. எனக்கு என்ன தெரியும்? புத்தகத்தப் பாத்துச் செய்யுங்க” என்றேன். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள்.

மூன்றாம் தடவைதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். அன்றைக்கு என்னவோ மனம் இளகி, ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“தேதி?”

“மாசத்த முன்னால போடணும். போட்டுட்டேன்.”

“டைம்?”

“வாச்சப் பாத்துத்தான போட்டேன். ஏழே கால்.”

காதிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். மணி ஏழு.

அந்த நொடியே தெரிந்துவிட்டது, அப்பா. பதினைந்து நிமிஷத்தில் வானம், கையை நீட்டிப் பிடித்தால், இரண்டு விரல் அகலத்துக்கு நகர்ந்துவிடும். நீங்கள் போட்ட நேரத்தை நம்பி அது வெறும் இடத்தைக் காட்டுகிறது. நீங்கள் பக்கத்தில் மினுங்குகிற ஏதோ ஒன்றை இழுத்து வைத்து, இதுதான் என்று அமுக்குகிறீர்கள். “அப்பா, அது அப்பா மணி” என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “எல்லாம் சரியாத்தான் இருக்கு. மிஷின்தான் கோளாறு போல” என்றேன். கொஞ்சம் அலையட்டும் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

ஈஸ்டர் கழிந்த வாரம் நீங்கள் போய்விட்டீர்கள்.

விற்பதற்காக அட்டைப்பெட்டியைத் திறந்தபோது என் வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். வேறு ஏதாவது கோளாறு இருக்க வேண்டும். மோட்டார் தேய்ந்திருக்கட்டும், வயர் அறுந்திருக்கட்டும். அப்படி ஒன்று அகப்பட்டால் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது பெரிய காரியமில்லை என்று ஆகிவிடும்.

பேட்டரியை மாற்றினேன். முக்காலி சமமாக நிற்கிறதா என்று பார்க்கத் தேடினால், கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று பெட்டியிலேயே கிடந்தது. நீங்கள் வாங்கி வைத்தது. குறி பார்க்கிற சிவப்புப் புள்ளியைப் பகலிலேயே அனல்மின் நிலையப் புகைபோக்கியின் உச்சிக்கு வைத்துப் பார்த்தேன். இம்மி பிசகவில்லை. அதையும் நீங்கள் சரிசெய்திருந்தீர்கள். ஊர்ப் பட்டியலில் தூத்துக்குடி இல்லாததால் அட்சரேகை, தீர்க்கரேகையை நீங்களே போட்டிருந்தீர்கள். அதிலும் தப்பு இல்லை.

புத்தகம் முழுக்க உங்கள் பென்சில் எழுத்து. கோடைக்கால நேரமா என்று ரிமோட் கேட்கிற இடத்தில், ‘இங்கே வருஷம் பூராவும் கோடை, ஆம்’ என்று எழுதி, பிறகு அதை அடித்து, ‘இது வெளிநாட்டுக்காரனுக்கு. இல்லை என்று போடவும்’ என்று திருத்தியிருந்தீர்கள். சிரித்துவிட்டேன். நேரம் என்று போட்டிருந்த வரிக்குப் பக்கத்தில் மட்டும் எதுவும் எழுதவில்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்பட்டீர்கள். உங்கள் வாட்சை மட்டும் சந்தேகப்படவில்லை.

சாயங்காலம் முதலில் உங்கள் வாட்சைப் பார்த்தே நேரம் போட்டேன். குழாய் திரும்பி வெறும் இடத்தைப் பார்த்து நின்றது. நீங்கள் செய்த மாதிரியே பக்கத்து நட்சத்திரத்தைக் காட்டினேன். ஃபெயில்டு. அணைத்துவிட்டு, என் போனைப் பார்த்து நேரம் போட்டேன். வேகா நட்சத்திரம், கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸுக்குள் கிட்டத்தட்டத் தானாக வந்து நின்றது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

சனிக்கிரகம் பார்த்தேன். இந்த வருஷம் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நிற்கிறதாம். படத்தில் இருக்கிற அகலம் இல்லை. சின்ன மணியில் ஊசி கோத்த மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். நீங்கள் போன் செய்த நாட்களில் பார்த்திருந்தால் வளையமாகவே தெரிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் முந்திப் போன உங்களுக்கு, இதற்கு மட்டும் நேரம் பிந்திவிட்டது. பிந்தவைத்தது நான்.

அம்மாவை மேலே கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். “இந்தக் கோட்டுக்கா அவுக இம்புட்டுப் பாடு பட்டாக?” என்றாள். என்ன கோளாறு என்று கேட்டாள். அப்பா மணி என்றேன். ஐபீஸிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“இன்னைக்குத்தாம்மா.”

உங்களிடம் சொல்லாததைவிட அம்மாவிடம் சொன்ன இந்தப் பொய் பெரிய தப்பு.

நீங்கள் எனக்குச் செய்ததை நான் மன்னிக்கவில்லை. இப்போதும் இல்லை. ஆனால் அதற்கு ஈடாக எதை எடுத்துக்கொண்டேன் என்று பார்க்கும்போது, எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. டெலஸ்கோப்பை விற்கவில்லை. அம்மா உங்கள் கடிகாரத்தையும் கொண்டுவந்து புதுக்கோட்டையில் எங்கள் ஹாலில் மாட்டிவிட்டாள். “அத யாரும் தொடக் கூடாது” என்று சொல்லியிருக்கிறாள். நானும் தொடமாட்டேன்.

ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். இந்தக் கடிதத்தை வேறு யார் வாயிலாகவும் அம்மா கேட்க விடமாட்டேன். அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால், இன்றைக்கே, உங்கள் கடிகாரம் ஏழு அடிக்கும்போது நானே உட்கார்ந்து அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். சரியான நேரம் வரட்டும் என்று இன்னொரு தடவை காத்திருக்கமாட்டேன்.

இப்படிக்கு,
மணி தெரிந்தும் சொல்லாத
உங்கள் மகள்