கோமதி படித்த வரி

ஆடி 12, செவ்வாய். சித்தூர்.

என் மகள் கோமதிக்குப் பள்ளியில் தெலுங்குதான். தமிழ் எழுத்தை நான்தான் வீட்டில் சொல்லிக்கொடுத்தேன். இன்று சாயங்காலம் என் தத்துவப் புத்தகம் ஒன்றை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் அடிக்கோடு போட்ட வரி வந்ததும் நின்றுவிட்டாள். பிறக்காமலே இருந்துவிடுவதுதான் நல்லது என்று சொல்லும் வரி. பக்கத்தில் 'சத்தியம்' என்று எழுதித் தேதியும் போட்டிருந்தேன்.

"நைனா, இது நீ எழுதினதா?"

"ஆமாம்மா."

"நான் பொறக்கறதுக்கு முந்தியா, அப்பாலயா?"

அவளுக்கு இரண்டு வயதானபோது எழுதியது. வேலை போய், தூக்கமில்லாமல் கிடந்த வருஷம். ஒன்பது வயதுக் குழந்தையிடம் அதை எப்படிச் சொல்வது?

"முந்திதான்" என்றேன்.

தேதியை இன்னொரு தரம் பார்த்தாள்.

"சரி நைனா. ஹோம்வொர்க் கீது, நான் போறேன்."

புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தாள். சாப்பிடும்போது அவள் அம்மா பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அது உன்னைப் பற்றி எழுதியதில்லை என்று சொல்ல அவள் படுக்கைக்குப் போனேன். தூங்கிவிட்டாள், அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த வரியைத் திரும்பப் படித்தேன். 'சத்தியம்' என்ற சொல்லையாவது அடித்துவிடலாம் என்று பேனாவை அதன்மேல் வைத்தேன். பொய்யென்று அடிக்கக் கை வரவில்லை.