மாடிக்கு ஏறிய ஒன்பது மெஷின்கள்

ஜூன் 2

ஒன்பது வீடியோ கேம் மெஷின்களை இன்று கடை மாடிக்கு ஏற்றிவிட்டேன். ஒவ்வொன்றும் பீரோ உயரம், பீரோவைவிட இரண்டு மடங்கு கனம். தூக்கிய நால்வரும் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நான் விளையாடிய அதே மெஷின்கள். அந்த விளையாட்டுக் கூடத்தை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய்ப் பேசி, மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். பழைய ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கி, சரிசெய்து விற்று, இந்தக் கட்டடத்தை எழுப்பியவன் நான். ஒரு பழைய பொருளில் இன்னும் எவ்வளவு உயிர் மிச்சம் என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன். இவற்றில் உயிர் இருக்கிறது.

மாடி இதுவரை மனைவியின் தையல் கூடம். அவளும் அவளிடம் வேலை பார்க்கும் இரண்டு பெண்களும் இப்போது கீழே பின்னறையில், வாஷிங் மெஷின்களுக்கு நடுவில். துணி வெட்டும் நீள மேசை அங்கே நுழையவில்லை. சுவரோரம் நிமிர்த்தி வைத்திருக்கிறாள். ஆகஸ்டில் ஆஸ்பத்திரிச் சீருடை ஆர்டர் ஆரம்பிக்கிறது. மேசை இல்லாமல் அதைத் தொடக்கூட முடியாது.

"ஜூலை முடியிறவரைக்கும் தர்றேன். அதுக்குள்ள கூட்டம் வந்தா உங்க மாடி, எனக்கு வேற இடம் பாத்துக் குடுத்துருங்க. வரலைன்னா என் மாடி. அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

சரி என்றேன். கூட்டம் வராமல் எங்கே போகும்?

ஜூன் 6

டிவி மெக்கானிக் வந்தார். எதைக் கேட்டாலும் 'பண்ணிரலாம்' என்பார். அதனால் அவர் பெயரே பண்ணிரலாம் ஆகிவிட்டது. மெஷின்களுக்குள் இருப்பது பழைய டிவியில் இருக்குமே, அந்தக் கனமான கண்ணாடி டியூப். படம் ஓரத்தில் வளைந்து, கொஞ்சம் மசமசவென்று தெரிகிறது.

"எல்லாத்தையும் கழட்டிட்டு, புதுசா தட்டைத் திரை மாட்டினா?"

"பண்ணிரலாம்ணே."

எட்டுக்கு மாட்டியாயிற்று. ஒன்பதாவது, சண்டை மெஷின். அதன் அளவுக்குத் திரை கிடைக்கவில்லை. கழற்றிய டியூப்களைப் பழைய இரும்புக்காரர் வந்து வண்டியில் போட்டுக்கொண்டு போனார். கைக்கு வந்தது சொற்பம், இடம் காலியானதே லாபம்.

ஃபிரிட்ஜுக்குப் புது கம்ப்ரஸர் போடுவது மாதிரிதானே இது. படம் இப்போது பளிச்சென்று இருக்கிறது. முன்பு முகமாகத் தெரிந்தது இப்போது ஆறேழு சதுரமாகத் தெரிகிறது. அது வேறு விஷயம்.

ஜூன் 8

ஞாயிறு. கடை விடுமுறை. மாடியில் தனியாக உட்கார்ந்து 'முக்குளிப்பான்' ஆடினேன். (இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையாமல் சின்ன வயதில் நாங்கள் வைத்த பெயர்.) பாறைக்குப் பாறை தாவி, கடைசியில் கடலுக்குள் குதித்து முத்தெடுக்க வேண்டும். அன்றைக்கெல்லாம் பக்கத்தில் நிற்பவனோடு பேசிக்கொண்டே ஆறாவது பாறையைத் தாண்டுவேன்.

இன்று மூன்றாவதில் விழுந்தேன். மறுபடி விழுந்தேன். மறுபடியும். சரியாகத்தான் அமுக்குகிறேன் — அப்புறம் ஏன்? கண்ணா, கையா? ஃபிரிட்ஜ் தூக்கித் தூக்கி விரல் மரத்துப்போயிற்றா?

கார் ஆட்டத்தைப் பற்றி எழுதாமல் இருப்பதே அதற்குச் செய்யும் மரியாதை. ஒரே மரம் திரும்பத் திரும்ப வருகிறது. இதையா அன்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்?

போகட்டும். வருகிறவர்கள் என்னைப் போல நொந்துபோகக் கூடாது. எல்லா மெஷினையும் ஆகச் சுலபத்தில் வைத்துவிட்டேன். காசு போடும் வேலையே இல்லை. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம், எத்தனை முறை செத்தாலும் பட்டனை அமுக்கித் தொடரலாம். வாடிக்கையாளர் மனம் கோணாமல் திரும்பிப் போக வேண்டும். என் தொழிலே அதில்தான் வளர்ந்தது.

ஜூன் 14

திறந்தாயிற்று. மாடி கொள்ளாத கூட்டம். என் வயதுக்காரர்கள் மெஷினைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஒருவர் கண் கலங்கினார். எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மனைவி படியில் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். எனக்கு அது போதும்.

ஜூன் 15

இன்று மூன்று பேர். அதில் ஒருவர் ஃபிரிட்ஜ் வாங்க வந்து வழி தவறி மேலே ஏறியவர்.

ஜூன் 24

நேற்று வந்தவர்கள் இன்று வருவதில்லை. கண் கலங்கியவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். "கண்டிப்பா வர்றேங்க" என்றார். கண்டிப்பா வர்றேன் என்றால் என்ன அர்த்தம் என்று வியாபாரிக்குத் தெரியாதா?

மதியம் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர். விண்கல ஆட்டத்தில் சாகச் சாகத் தொடர்ந்து, அரை மணியில் முடித்தேவிட்டார்கள். நான் வாழ்க்கையில் பார்த்திராத கடைசி ராட்சசன், பேச்சுவாக்கில் செத்தான்.

"அவ்ளோதானா அங்கிள்?"

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. எங்க அப்பாவுக்குப் பிடிக்கும்."

மிச்ச நேரத்துக்கு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து போனில் வேறு ஏதோ விளையாடிவிட்டுப் போனார்கள். என் ஃபேன், என் கரண்ட்.

ஒருவேளை ஆட்டமே மட்டம்தானோ? நாம்தான் சின்ன வயசுல ஒண்ணும் பாக்காதவனா இருந்தோமோ?

ஜூலை 3

தங்கச்சி வந்தாள். பஸ் ஓட்டுகிறாள். அந்தக் காலத்தில் எனக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்து, என்னைவிட நன்றாக ஆடியவள். நேராக முக்குளிப்பானிடம் போனாள். மூன்றாவது பாறையில் விழுந்தாள். எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி.

"என்ன அண்ணே, இவன் குடிச்சிருக்கானா?"

"உனக்கும் வயசாச்சு. ஒத்துக்க."

"எனக்குக் கை பிந்தினா என் பஸ்ல ஏறினவங்க எல்லாம் இந்நேரம் ஆஸ்பத்திரியில இருக்கணும்."

பிறகு சண்டை மெஷினில் என்னோடு ஆடினாள். அங்கே இரண்டு பேருக்கும் கை பழையபடி ஓடியது. நான் அடிக்க, அவள் தடுக்க, நேரம் போனதே தெரியவில்லை. தோற்றேன். சிரித்தேன். இந்த மாடியில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவள் சிரிக்கவில்லை. இரண்டு மெஷினுக்கும் இடையில் மாறி மாறி நடந்தாள்.

"அண்ணே, இந்தச் சண்டைக்காரன் சொன்ன உடனே அடிக்கிறான். அந்த முக்குளிப்பான் நாம சொன்னதக் கேட்டு, யோசிச்சு, அப்புறம் குதிக்கிறான். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

டியூப். வேறென்ன. சண்டை மெஷினில் மட்டும்தான் பழைய டியூப் இருக்கிறது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "ஆமாண்ணே. பழைய படத்தத் தட்டைத் திரை வாங்கி மாத்திக் காட்டுறதுக்குக் கொஞ்சம் பிந்தும். கண் சிமிட்டுற நேரம்தான்."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்னய்யா?"

"பண்ணலாமான்னுதான கேட்டீங்க. பண்ணலாம்."

கண் சிமிட்டுற நேரம்தானாம். அதுக்குள்ளதான் அவன் பாறையிலேருந்து விழறான். எட்டு மெஷினையும் நானே காசு குடுத்துக் கெடுத்து வச்சிருக்கேன். ஃபிரிட்ஜும் இதுவும் ஒண்ணுன்னு எவன் சொன்னான் எனக்கு? நான்தான்.

ஜூலை 4

காலையிலேயே பழைய இரும்புக்காரரிடம் ஓடினேன். ஆறு டியூப்களை உடைத்துச் செம்பை உருவிவிட்டார். இரண்டு, சாக்குக்கு அடியில் முழுசாகக் கிடந்தன. அவர் என்னிடம் வாங்கிய விலைக்கே கேட்டேன்.

"அண்ணே, நீங்க போடும்போது அது குப்பை. இப்ப வேர்க்க விறுவிறுக்க வந்து நிக்கிறீங்க. இனிமே அது எப்படிக் குப்பையாகும்?"

அவர் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதுதான் இன்னும் எரிச்சல். கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 9

முக்குளிப்பானுக்கு ஒரு டியூப், விண்கலத்துக்கு ஒரு டியூப். பண்ணிரலாம் இந்தத் தடவை பேசாமல் வேலை பார்த்தார்.

சதுரங்கள் கலைந்து மறுபடி முகமாயின. அமுக்கினால் தாவுகிறான். ஐந்தாவது பாறை வரை போனேன். கை மரத்துப்போகவில்லை.

ஆனாலும் ஏதோ குறைந்தது. விழுந்தேன், தொடர்ந்தேன், விழுந்தேன், தொடர்ந்தேன். கொட்டாவி வந்தது. செத்தால் ஒன்றும் போகாது என்றால் எதற்குப் பயந்து தாவ வேண்டும்?

அப்புறம்தான் உறைத்தது. இதைச் செய்தவனும் வியாபாரி. நின்று ஆடுகிறவனைச் சீக்கிரம் கொன்றால்தான் அடுத்த காசு விழும். ஆனால் 'இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாமே' என்று தன்னையே நொந்துகொள்ள வைத்துக் கொல்ல வேண்டும். ஆட்டம் முழுக்க அந்தக் கணக்கில் நிற்கிறது. நான் மரியாதை காட்டுகிறேன் என்று அதைப் பிடுங்கிவிட்டேன். காரம் வேண்டாம் என்று மிளகாயை எடுத்துவிட்டு, குழம்பு ஏன் சப்பென்று இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன்.

டியூப் உள்ள மூன்று மெஷினையும் பழைய கடினத்துக்கே திருப்பியாயிற்று. ஒரு ஆட்டத்துக்கு ஐந்து ரூபாய். செத்தால் செத்ததுதான்.

ஜூலை 12

அந்தக் கல்லூரிப் பையன்களில் ஒருவன் வந்தான். முதல் பாறையில் செத்தான். "இது அநியாயம் அங்கிள்" என்றான். அடுத்த காசை எடுத்தான்.

ஜூலை 19

தங்கச்சி தன் டிப்போ ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். டிரைவர்கள், கண்டக்டர்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் தினமும் வருகிறார்கள். சத்தம் கீழே வரை கேட்கிறது.

"யோவ், ஸ்டாப்பிங்ல நிறுத்தத் தெரியாது, பாறையில நிறுத்தப்போறியா நீ?"

ஆனால் எல்லாம் மூன்று மெஷினைச் சுற்றித்தான். மற்ற ஆறும் பளிச்சென்று எரிந்துகொண்டு சும்மா நிற்கின்றன. அவற்றுக்கு வேறு டியூப் தேடி ஊரெல்லாம் போன் போட்டுவிட்டேன். எங்கும் இல்லை. கார் ஆட்டத்துக்கு எந்த டியூப் போட்டாலும் அதே மரம்தான்.

இது கூட்டமா? மாடியில் மூன்றில் ஒரு பங்கு கூட்டம். மனைவி அளவு டேப்போடு மேலே வந்தாள். அந்த ஆறு மெஷின் நிற்கும் இடத்தை நீளமும் அகலமுமாக அளந்துகொண்டு போனாள்.

ஜூலை 26

சலூன்காரர் ஒருவர் ஆறு மெஷினையும் கேட்கிறார். கடைக்கு அழகாக இருக்குமாம். பிந்துகிற கதையை ஒளிக்காமல் சொன்னேன்.

"ஓடணும்னே இல்லீங்க. லைட் எரிஞ்சாப் போதும்."

கொடுத்துவிட்டேன். நான் வியாபாரி.

ஜூலை 31

கெடு முடிந்தது. மேசையை நான்கு பேர் மேலே ஏற்றினார்கள். நான் மூன்று மெஷினுக்கும் வயரைக் கழற்றப் போனேன்.

"இருங்க. எதுக்குக் கழட்டுறீங்க?"

"கூட்டம் வரலைன்னா உன் மாடின்னு பேச்சு."

"என் மாடிதான். அதுல யார் இருக்கலாம்னு நான்தான் சொல்லணும். டிப்போக்காரங்க நேத்து யூனிபார்ம் தைக்க ரேட் கேட்டாங்க, தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை.

"அப்ப நான் இருக்கலாமா?"

"அது வாடகையைப் பொறுத்தது."

என் கட்டடத்தில், என் மாடிக்கு, என்னிடமே. வாடகை வேண்டாம், வருகிறதில் பங்கு தருகிறேன் என்றேன். பாதி கேட்டாள். நான் ஐந்துக்கு ஒன்று என்றேன். அவள் ஊசியில் நூல் கோத்து முடிக்கும்வரை வாயே திறக்கவில்லை. இப்படிப் பேசாமல் இருந்து விலையை ஏற்றுகிற வித்தையை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

முடிந்தது இப்படி: படிக்கட்டை ஒட்டிய சுவர் மட்டும் எனக்கு, மூன்று மெஷினுக்குமேல் ஒன்றுகூட ஏறக் கூடாது. துணி வெட்டும் நேரத்தில் சத்தம் இல்லாமல் ஓட வேண்டும். கரண்ட் என் செலவு. விழுகிற ஒவ்வொரு ஐந்திலும் அவளுக்கு இரண்டு.