மாமி கட்டி உயர்த்திய விளக்கு

மாமி,

நேற்றுப் பின்னேரம் உங்கள் சேலைத் துண்டை அவிழ்த்தேன். சாப்பாட்டு மேசை விளக்கின் வயரை மடித்து உயர்த்திக் கட்டுவதற்கென்று, பழைய நூல் சேலையிலிருந்து நீங்கள் கிழித்தெடுத்த அந்த மாம்பழ நிறத் துண்டு. கதிரையில் ஏறி நின்று நகத்தால் நெம்பினேன், முடிச்சு அசையவில்லை. நீங்கள் போடும் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழும். இது உங்கள் மகன் போட்டது. கடைசியில் பல்லால் கடித்துத்தான் இழுத்தேன். மூக்குக்குக் கிட்ட வந்த துணியில் தாளித்த வாசனை. சமையலறைக் கதவுக்கு நேரே இத்தனை மாதம் தொங்கினால் வேறு என்ன வாசனை வரும்? ஆனாலும் கதிரையை விட்டு இறங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

உங்களுடைய அந்தியேட்டிக்கு, நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். அன்றைக்குக் கட்டியது. ஆட்கள் வந்தால் விளக்கு மேலே, ஆட்கள் போனால் கீழே என்பது நீங்கள் போட்ட சட்டம். வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், விளக்கு மட்டும் மேலேயே நின்றது. நானும் இறக்கவில்லை, அவரும் இறக்கவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் சாப்பாட்டை முடித்துக்கொண்டோம்.

நீங்கள் ஊரை விட்டு இங்கே கிங்ஸ்பரிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த குளிர்காலம் நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெயும் கண்ணில் காணக் கிடைக்காது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டு, அந்தப் பொட்டு வெளிச்சத்தில் வருடக்கணக்காய் இருந்துவிட்டு வந்தீர்கள். இங்கே நாலு மணிக்கே இருட்டிவிட்டதைக் கண்டதும் எழுந்துபோய் வீட்டிலிருந்த சுவிட்ச் எல்லாவற்றையும் தட்டினீர்கள், குளியலறை உட்பட. உங்கள் மகன் மறுநாளே ஒரு நீள ட்யூப் லைட் வாங்கிச் சாப்பாட்டறைக் கூரையில் பூட்டினார். அந்த வெளிச்சத்தில் நாங்கள் மூவரும் காய்ச்சல்காரர் மாதிரித் தெரிந்தோம். உங்களுக்கு மட்டும் அது பரம திருப்தி.

ஆனால் அந்த வெளிச்சத்துக்குக் கீழே நீங்கள் ஒருநாளும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து சாப்பிடவில்லை. எங்களுக்குப் போட்டுக் கொடுப்பீர்கள், கறியோடு மேசையைச் சுற்றி வருவீர்கள், "பிறகு சாப்பிடுறன்" என்பீர்கள். பிறகு என்பது சமையலறையில், சிங்குக்குப் பக்கத்தில் நின்றபடி, சட்டியில் ஒட்டியிருந்ததை இரண்டு வாய். ஏற்கெனவே எலும்பும் தோலுமாய் வந்தவர் நீங்கள். இப்படியே விட்டால் அடுத்த குளிரைத் தாங்கமாட்டார் என்று டொக்டர் உங்கள் மகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் கெஞ்சினார், நான் கொஞ்சம் கோபித்தும் பார்த்தேன். உங்களை மேசையில் இருத்த எங்களால் முடியவில்லை.

நான் அப்போது ஆக்ஸ்போர்ட் தெருவுக்குப் பின்பக்கம் ஒரு விளக்குக் கடையில் வேலை பார்த்தேன். டென்மார்க், சுவீடன், நோர்வே விளக்குகள். முதலாளி ஒரு டேனிஷ் பெண்மணி. விளக்கை விற்பதைவிட அதைச் செய்தவரின் கதையைச் சொல்வதில்தான் அவருக்கு ஆசை அதிகம். அரை நூற்றாண்டுக்கு முன்பு வரைந்த உருவங்களை இன்றும் ஒரு வளைவு மாற்றாமல் செய்கிறார்களே என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, சரியாக வந்ததை ஏன் மாற்ற வேண்டும் என்று திருப்பிக் கேட்டார். ஒருநாள் கப்பலில் வந்த பெட்டியில் ஒரு விளக்கு நசுங்கி இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தட்டுக் கவிழ்த்த மாதிரி வெள்ளை விளக்கு. பெரிய தட்டின் ஓரத்தில் பெருவிரல் அளவு பள்ளம். இனி விற்க முடியாது, நீ கொண்டுபோ என்றார். ஜூபிலி ரயிலில் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

மேசையில் இருக்கிறவர்களின் கண்ணுக்குச் சற்று மேலே நிற்கும்படி தாழத் தொங்கவிட வேண்டும், அப்போதுதான் முகமும் சாப்பாடும் ஒன்றாகத் தெரியும் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். உங்கள் மகன் என்ஜினியர் அல்லவா, அளவுநாடா பிடித்து அப்படியே தொங்கவிட்டார். ட்யூப் லைட்டை நூர்த்துவிட்டு இதைப் போட்டதும் அறையின் மூலைகளெல்லாம் இருண்டன. நீங்கள் வாசலிலேயே நின்றுவிட்டீர்கள்.

"இருட்டுக்குத் தப்பி இவ்வளவு தூரம் வந்தன். இஞ்சயும் இருட்டோ பிள்ளை?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் ட்யூப் லைட் சுவிட்சை நோக்கிப் போனார். நீங்கள்தான், ஆசைப்பட்டுக் கொண்டுவந்திட்டாள், ஒருநாளைக்கு எரியட்டும் என்று தடுத்தீர்கள். பிறகு வழக்கம்போல் சொதிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு மேலாகக் குனிந்தீர்கள். 'டங்' என்று ஒரு சத்தம். விளக்கு ஊஞ்சலாடியது, சொதி மேசை விரிப்பில் ஓடியது, நீங்கள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கதிரையில் பொத்தென்று இருந்தீர்கள்.

அவர் ஏணி எடுக்க எழும்பினார். இந்த விளக்கு எங்கள் வீட்டுக்குச் சரிவராது, நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் கையைக் காட்டி அவரை நிறுத்தினீர்கள். ஆட்டம் அடங்கும்வரை அண்ணாந்து பார்த்தீர்கள். தலையை இந்தப் பக்கம் சரித்தீர்கள், அந்தப் பக்கம் சரித்தீர்கள், குனிந்தும் பார்த்தீர்கள்.

"வெளிச்சம் வருது, பல்பைக் காணேல்ல. எங்க ஒளிச்சு வச்சிருக்கிறான்?"

அதுதான் அதன் வித்தை என்று சொன்னேன். இதைச் செய்த மனிதர் மண்ணெண்ணெய் விளக்கில் வளர்ந்தவராம். ஊருக்குக் கரண்ட் வந்தபோது எல்லோரும் கொண்டாட, இவருக்கு மட்டும் பல்பு கண்ணைக் குத்தியதாம். பழைய விளக்கின் மென்மையைப் புது விளக்குக்குள் கொண்டுவர வருடக்கணக்காய்த் தட்டுகளை வளைத்து வளைத்துப் பார்த்தாராம். எங்கே இருந்து பார்த்தாலும் பல்பு தெரியக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே பிடிவாதமாம். நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அதற்குள் உங்கள் மகன் ஒரு தட்டை எடுத்துச் சோறு போட்டு உங்கள் முன்னால் வைத்துவிட்டார். பேச்சுவாக்கில் நீங்கள் பிசையத் தொடங்கினீர்கள். நான் கத்தரிக்காயை மெல்ல உங்கள் தட்டில் வைத்தேன்.

பாதிச் சோற்றில் நீங்களாகவே சொன்னீர்கள்.

"அங்க நிண்டு சாப்பிட்டுப் பழகிப்போச்சு பிள்ளை. பொம்மர் வந்தால், இருந்த ஆள் எழும்பி ஓடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்."

குண்டு போடும் விமானத்தை அங்கே பொம்மர் என்றுதான் சொல்வார்கள். இவ்வளவு நாளும் அதைப் பரிமாறுகிற பழக்கம் என்று நினைத்து உங்களோடு மல்லுக்கட்டியிருக்கிறோம். உங்கள் மகன் தலை குனிந்துகொண்டார். நீங்கள் இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய் வேண்டுமென்று கேட்டீர்கள்.

அன்றிலிருந்து எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். மறுநாளும் நின்றீர்கள், மறுநாளும் இடித்துக்கொண்டீர்கள். விளக்கைத் திட்டினீர்கள், அதைச் செய்தவரையும் திட்டினீர்கள். அவருடைய பெயர் உங்கள் வாய்க்குள் நுழையவில்லை. 'மண்ணெண்ணெய்க்காரன்' என்றே வைத்துவிட்டீர்கள். இடித்து இடித்து அலுத்துப்போய்த்தான் இருந்து சாப்பிடப் பழகினீர்கள் என்று நினைக்கிறேன். எப்படியோ பழகினீர்கள். அடுத்த குளிருக்குள் உங்கள் சட்டைகளின் தையலைப் பிரித்துவிட வேண்டி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செவன் கிங்ஸிலிருந்து உங்கள் தமக்கையின் குடும்பம் வந்தபோதுதான் சேலைத் துண்டு பிறந்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்கு இருந்தபடி எப்படிப் பரிமாறுவது? வயரை மடித்து, துண்டால் சுற்றி, ஒரு சாண் உயர்த்திக் கட்டிவிட்டீர்கள். அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் ஒரு இழுப்பு, விளக்கு கீழே வந்துவிட்டது. கடையில் இதைச் சொன்னேன். முதலாளி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உங்களைப் பார்க்க வேண்டும் என்றார்.

நீங்கள் கடைக்கு வந்த நாளை மறக்க முடியாது. கடதாசியை மடித்து மடித்துச் செய்த விளக்கைக் கண்டு, இதென்ன சேலைக் கொய்யகமோ என்று அதன் மடிப்பைத் தடவினீர்கள். ஒரு குடும்பமே வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்து மடித்துத் தொடங்கிய தொழில் அது என்று முதலாளி சொல்ல, நான் தமிழில் சொன்னேன். ஸ்பிரிங் பூட்டிய நோர்வே மேசை விளக்கின் கையை இழுத்துப் பார்த்து, நொண்டிக் கொக்கு என்று பெயர் வைத்தீர்கள். முதலாளி மெல்லச் சேலைத் துண்டுக்கு வந்தார். அவ்வளவு கணக்குப் பார்த்துச் செய்த விளக்கை அப்படிக் கட்டுவதை அந்த மனிதர் கண்டால் என்ன நினைப்பார் என்று கேட்டார்.

"அவற்ற வீட்டுக்கு விருந்தாளியள் வாறேல்லையோ எண்டு கேளும்."

வருவார்கள், எல்லோரும் ஒன்றாக இருப்பார்கள், பாத்திரத்தைக் கைமாற்றிக் கைமாற்றி அவரவரே போட்டுக்கொள்வார்கள் என்றார் முதலாளி. அப்போது ஆர் பரிமாறுவது என்று கேட்டீர்கள். ஒருவரும் இல்லை என்றார். நீங்கள் அந்த வெள்ளைக்காரப் பெண்மணியை மேலும் கீழும் பார்த்து, பாவம் என்றீர்கள். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

போன இலையுதிர் காலத்தில் ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்கு நேர் மேலே ஒரு விளக்கு இருந்தது. பேச்சுக் குறைந்துவிட்ட நாட்கள் அவை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "பல்பு கண்ணுக்குள்ள நிக்குது பிள்ளை" என்றீர்கள். வெளிச்சம் போதாது, போதாது என்று வீட்டுச் சுவிட்ச் எல்லாம் தட்டிய நீங்கள். நான் பக்கத்தில் கிடந்த பேப்பரை மடித்து உங்கள் நெற்றிக்கு மேலே பிடித்தேன். நிழல் கண்ணில் விழுந்ததும் முகம் இளகியது. உதடு அசைந்தது, குனிந்து கேட்டேன்.

"மண்ணெண்ணெய்க்காரன் வந்திட்டான்."

கை கடுக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன், பிறகு கையை மாற்றிப் பிடித்தேன். உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும், மாமி. மருமகள்மார் மாமிமாரிடம் இப்படிச் சொல்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. அன்றைக்கு அந்தப் பேப்பரைப் பிடித்தபடி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று விளக்கை இறக்கிவிட்டு, மேசை துடைத்து, புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தேன். உங்கள் மகன் வந்து பார்த்தார், தன் கதிரையில் இருந்தார். உங்களுடைய கதிரை சுவர்ப்பக்கம் அப்படியே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. பாத்திரத்தைத் தூக்கினேன், அவருக்குப் போட்டேன், பிறகு சாப்பிடுகிறேன் என்றேன். யாருடைய வார்த்தை அது என்று வாயை விட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. கறி எடுக்கக் குனிந்தபோது 'டங்' என்று நெற்றியில் விழுந்தது.

விளக்கு ஆடியது. வெளிச்சம் அவருடைய முகத்துக்கும் உங்கள் கதிரைக்குமாகப் போய்ப் போய் வந்தது. அவர் ஏணிக்கு எழும்பவில்லை. ஒரு தட்டில் புட்டைப் போட்டு என் கதிரைக்கு முன்னால் தள்ளினார்.

"இரும்" என்றார்.

நெற்றி இன்னும் வீங்கித்தான் இருக்கிறது, மாமி. சேலைத் துண்டை மடித்து அலுமாரியில் உங்கள் சேலைகளோடு வைத்துவிட்டேன், ஆட்கள் வந்தால் எடுப்பேன். வீட்டில் நாங்கள் மட்டும் என்றால் விளக்கு கீழேதான். நான் இருந்துதான் சாப்பிடுகிறேன்.