ஊமைப் படமும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரமும்

மே 3, ஞாயிறு

"உப்பு போதுமான்னு உங்கப்பாட்ட கேளு" என்றாள் அம்மா. அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "போதும்னு சொல்லு" என்றார் என்னிடம். சொன்னேன். மாமா மகள் கல்யாணத்தில் அப்பாவுக்கு மாலை போடாமல் விட்டார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நேர்ப் பேச்சில்லை. அப்போது நான் எட்டாவது படித்தேன். இப்போது எட்டாவதுக்குக் கணக்கு எடுக்கிறேன். சீ.

மே 5

போனில் இன்னொரு ஊமைப் படம். நூறு வருடத்துக்கு முந்தைய காதல். அவன் அவளுடைய நனைந்த குடையை வாங்கி மடக்குகிறான். அவள் பார்க்கிறாள். அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது? ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் நான் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

மே 8

சென்னையில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூனில் சேர வேண்டும். வீட்டில் சொல்லவில்லை. நான் போனால் அப்பாவுக்குச் சுகர் மாத்திரையை யார் ஞாபகப்படுத்துவது? கூட வேலை பார்க்கும் ஆஷ்லின், "போடி லூசு, அவங்க என்ன பச்சப்புள்ளயா?" என்கிறாள். அவளுக்கென்ன தெரியும்.

மே 10

"உங்கம்மாளுக்கு அம்புட்டுக் கொழுப்புன்னு சொல்லு."

"கொழுப்பு யாருக்குன்னு கேளு."

இவர்கள் மென்று துப்புவதை நான் எதுக்கு வாயில வச்சுக்கிட்டு அலையணும்? குமட்டுது. முடியல.

மே 11

தொண்டையைத் தொட்டுக் காட்டி, குரல் போய்விட்டது என்று நடித்தேன். இருவரும் நம்பிவிட்டார்கள்.

மே 13

கதவிடுக்கில் பார்த்தேன். அம்மா மாத்திரை டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள். போட்டுக்கொண்டார். அவள் தலையில் ஒட்டியிருந்த வேப்பம்பூவை எடுத்துவிட்டார். அவள் ஒதுங்கவில்லை. சிரித்தாள்!

அடப்பாவிகளா. சண்டை போடுவதற்கு மட்டும்தான் நான் வேண்டியிருந்திருக்கிறது. என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது, இவர்களுக்காகச் சென்னை வேலையை விட இருந்தேனே.

மே 15

குரல் வந்துவிட்டது என்றேன். வேலையைப் பற்றியும் சொன்னேன். அம்மா, "ஸ்டேசனுக்கு வாராரான்னு உங்கப்பாட்ட கேளு மீனா" என்றாள்.

"நீயே கேளும்மா."

அவள் கேட்கவில்லை.

மே 30

ஏசி பெட்டி, ஜன்னலோரம். இருவரும் பிளாட்பாரத்தில் நின்றார்கள். வண்டி நகர்ந்ததும் அம்மா அப்பாவைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவர் அவளைப் பார்த்துப் பதில் சொன்னார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

என்ன சொன்னார்களோ. இனி எனக்குத் தெரிய வேண்டியதில்லை.