வள்ளம் இழுத்த கூலி

16-8-1988, செவ்வாய். பாம்பன்.

ஜெபக் கூட்டத்தில் மனம் மாறி, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று தன் மீன்பிடி வள்ளத்தைத் தம்பிக்குத் தானம் கொடுத்த அருளப்பன், இன்றும் வீட்டில் ஜெபத்தில் இருந்தான். அவன் பெண்டாட்டி ஸ்டெல்லாதான் கரைக்கு வந்து, அதே வள்ளத்தை ஆட்களோடு சேர்ந்து இழுத்துக் கரையேற்றினாள். இழுத்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு கை மீன் கொடுப்பது வழக்கம். கொழுந்தன் அவளுக்கு விரல் நீளத்தில் நாலு சூடை மீன் போட்டான். வீட்டில் மூன்று பிள்ளைகள் பசியோடு இருக்கின்றன.

மீன் வாங்கக் கரையில் நின்ற என் வாய் சும்மா இருக்குமா? "ஏத்தா ஸ்டெல்லா, ஆண்டவருக்கு இன்னைக்கு மீன்பாடு சரியில்லையோ?" என்றேன். கரையே சிரித்தது. அவளும் சிரித்தாள். கூடச் சிரித்தால் இன்னொரு கை விழும் என்று நினைத்தாளோ என்னவோ, கூடையை நீட்டியபடியே நின்றாள். யாரும் போடவில்லை.

ஊர்க் கோமாளி நான் விலை கொடுத்து வாங்கி வந்த சீலா மீனில் வைத்த குழம்பு ருசியாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவையும் சோறு போடச் சொல்லித் தின்றேன்.