செவ்வாய்க்கிழமை ஓடாத எஞ்சின்

ஐப்பசி 18, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். வடக்கே வானம் கறுப்பு. குடை எடுக்கவில்லை, எடுத்தாலும் இந்தக் காற்றுக்கு நிற்காது.

இன்று மெத்தைக் கம்பெனியின் தீயணைப்பு டீசல் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் நாள், வாரம் ஒரு தடவை. ஓட்டவில்லை. வழக்கமான காரணம்தான். ஓடையில் தண்ணீர் வடிந்து, எங்கள் ஊர்ப் பெண்கள் இறங்கியிருந்தார்கள். வாயில் பறிக் கூடையைக் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். பம்ப் ஹவுஸில் எஞ்சின் அதிர்ந்தால் அங்கே சேறு அதிரும். சோதனைத் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஓடையில் போய் விழும். அப்புறம் ஒரு இறால் நிற்காது.

ஆடி முடிந்த கையோடு தங்கச்சி கஸ்தூரி நாலு பெண்களோடு வந்து கேட்டாள். “ண்ணா, செவ்வாக்கெயமைல அந்தப் பேயை அவுத்து உடாதண்ணா. பொயப்பு போவுது.”

“என்னைக் கேக்காம இந்த காம்பவுண்டுல பல்லிகூட கத்தாது. போய் நிம்மதியா தடவுங்க” என்றேன். அவ்வளவு பேர் முன்னால் அப்படிச் சொல்வது எவ்வளவு நன்றாக இருந்தது! அன்றிலிருந்து ஓட்டவில்லை.

சூப்பர்வைசர் தயாளன் இன்றும் வாசலில் நின்றே கேட்டார். “எஞ்சின் ஓட்னியாண்ணே?” “ஜம்முனு ஓடிச்சு சார்.” போய்விட்டார். சத்தம் கேட்டதா இல்லையா என்று யோசிக்கிற ஆள் இல்லை.

மதியச் சாப்பாடு: சோறு, நண்டுக் குழம்பு. உப்பு குறைவு.

சாயங்காலம் பெண்கள் கரையேறிய பிறகு, சும்மா ஒரு தடவை பார்ப்போமே என்று பொத்தானை அழுத்தினேன்.

டிக்.

அவ்வளவுதான். மறுபடி அழுத்தினேன். டிக். பேட்டரி முனையெல்லாம் உப்புக் காற்றில் பச்சையாகப் பூத்து, பாசி படிந்த கல் மாதிரி. துடைத்தேன். டிக். சட்டை நனைந்துவிட்டது, மழையில் இல்லை.

ஐப்பசி 19, புதன்

மழை விட்டது. தூக்கம் வரவில்லை.

எழுதிவைத்தால் பயம் குறையுமா என்று பார்க்கிறேன். எட்டாவது வரை படித்தவன், பள்ளிக்கூடத்திலேயே முதல் ஆள். ஒன்பதாவதுக்கு என்னைத் தாங்கும் பள்ளிக்கூடம் இந்தப் பக்கம் இல்லை.

இந்த வேலை எனக்கு வந்த கதை ஊருக்கே தெரியும். ஏரியில் வலைக்காரர்கள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பாடு பிரிப்பார்கள். கையால் தடவுகிற எங்களுக்கு எந்தக் காலத்திலும் பாடு கிடையாது. கம்பெனி ஊருக்கு ஒரே ஒரு நிரந்தர வேலை கொடுத்தபோது, நாமும் பாடு பிரிப்போம் என்று நான்தான் சொன்னேன். வீட்டுக்கு ஒரு வருஷம். சீட்டுக் குலுக்கினோம். இந்த வருஷம் என் பாடு. பம்ப் ஆப்பரேட்டர். ஊரில் ஃபயர் ஆபீசர் என்று சொல்லியிருக்கிறேன். தப்பில்லை, நெருப்புக்கு நான்தானே ஆபீசர்.

பயிற்சி ஒரே நாள். சொல்லிக்கொடுக்க வந்தவரே என்னிடம் இரண்டு சந்தேகம் கேட்டுக்கொண்டு போனார். விஷயம் இதுதான். மூன்று பம்ப். சின்னது எப்போதும் குழாயில் அழுத்தம் வைத்திருக்கும். பெரியது கரண்டில் ஓடும். கரண்ட் போனால் மூன்றாவது, டீசல். குடோன் கூரை முழுக்கச் சிவப்புக் குழாய், அதில் கண்ணாடி மூக்குகள். சூடு பட்டால் கண்ணாடி உடைந்து தண்ணீர் தானாகவே கொட்டும். தொட்டியில் பழவேற்காடு ஏரியில் பாதி இருக்கிறது என்று அமுதாவிடம் சொன்னேன். பாதி இல்லை. கால்வாசி இருக்கும்.

அமுதா கஸ்தூரியின் மகள். மெத்தை குடோனில் பேக்கிங். தைக்குக் கல்யாணம். நான் தாய்மாமன்.

அதே பயிற்சியில் முற்றத்தில் ஒரு துண்டு மெத்தை நுரைப்பஞ்சைப் பற்றவைத்துக் காட்டினார். வாயில் பீடியை வைத்து நெருப்புப்பெட்டியைத் தேடினேன். எடுப்பதற்குள் பஞ்சு இல்லை. தரையில் தார் மாதிரி ஒழுகி எரிந்தது. புகை கறுப்பு. ஒரு மிடறு மூக்கில் போனதற்கே அன்றெல்லாம் இருமினேன். உள்ளே கூரை வரை அதே பஞ்சுதான் அடுக்கியிருக்கிறது.

பயமாக இருப்பவை:
– கரண்ட் போவது
– கரண்ட் போயிருக்கும்போது எவனாவது பீடி பற்றவைப்பது (நான் இனி இல்லை)
– தோணிரேவுப் பையன்கள் தீபாவளிக்கு விடும் ராக்கெட்
– தயா. பார்க்கிற பார்வை. இன்று சாதாரணமாகத்தான் பார்த்தார்.

தயா.விடம் மெல்ல ஆரம்பித்தேன். “சார், பேட்டரி கொஞ்சம் சோர்ந்தாப்ல இருக்குது.”

“நேத்து ஜம்முனு ஓடிச்சுன்னியே?”

“ஓடி முடிச்சுதான் சார் படுத்துச்சு.”

“எய்திப் போடறேன், வரும். அதுக்குள்ள வெளிய வாயத் தொறக்காத. எஞ்சின் படுத்துக்கிச்சுன்னு மேல தெரிஞ்சா ஒனக்கு மட்டும் இல்ல, ஒங்க ஊருக்கே வேலை கெடையாது. புரியுதா?”

புரிந்தது. அடுத்த வருஷப் பாடு யாருக்கு என்றுகூடக் குலுக்கியாகிவிட்டது. அந்த வீட்டில் இப்போதே கடன் சொல்லி மளிகை வாங்குகிறார்கள்.

ஐப்பசி 21, வெள்ளி

வெயில். புழுக்கம்.

காட்டூர் போனேன். முனுசாமியின் டிராக்டர் பேட்டரியைக் கேட்க. அவன் நாற்று நட வயலில் சேடை உழுதுகொண்டிருந்தான்.

“இன்னா நைனா, பேட்டரி எதுக்கு?”

“பெரிய அதிகாரி ஒருத்தர் வராரு. எம் பம்ப்பப் பாக்கணும்னு ஒத்த கால்ல நிக்கறாரு.”

“ஒம் பம்ப்பப் பாக்கவா? டபாய்க்காதய்யா. சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்து மாட்டிரு, இல்லனா ஒன்னை ஏர்ல பூட்டி ஓட்டுவேன்.”

சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். பேட்டரி, அப்பப்பா, ஒரு எருமைக்கன்று கனம். மாட்டினேன். அழுத்தினேன். இந்த முறை டிக் இல்லை. உர்ர்ர் என்று அரைச் சுற்று சுற்றி உட்கார்ந்துவிட்டது. மறுபடி அழுத்தினால் அதுவும் இல்லை. பிறகுதான் பார்த்தேன், எஞ்சினுக்கு இரண்டு பேட்டரி சேர்த்து மாட்ட வேண்டும். இன்னொரு டிராக்டருக்கு எங்கே போவேன்?

திருப்பிக் கொடுத்தேன். முனுசாமி: “அதிகாரி வந்தாரா?”

“வந்தாரு. அசந்துட்டாரு.”

வாய் தானாகச் சொல்கிறது. சைக்கிளில் திரும்பும்போது பெடல் வழுக்கியது. ஏரிப்பக்கம் எதிர்க்காற்று. இந்தக் காற்று அடித்தால் எங்கள் பக்கம் முதலில் கரண்ட்தான் போகும்.

ஜெனரேட்டர் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். அது லைட்டுக்கும் ஆபீசுக்கும்தான். பெரிய பம்ப்பைத் தூக்காது.

ஐப்பசி 22, சனி

கஸ்தூரி வீட்டில் மதிய சா. இறால் வறுவல். ருசி தெரியவில்லை.

அமுதா சொன்னாள்: “மாமா, திங்கக்கெயமை எங்க குடோன் மேல கேஸ் கட்டிங்காம். மழைத்தண்ணி ஒயுவுதுல்ல, தகரத்த வெட்டி மாத்தறாங்க. பொறி உழும்னு கீய தார்ப்பாய் கட்டி வச்சிக்கிறாங்க.”

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன்.

“திங்கக்கெயமை லீவு போட்டுடு.”

“லீவா? தீபாவளி ஆர்டர் மாமா. இப்ப லீவு போட்டா அப்பறம் எப்பவும் லீவுதான்.”

கஸ்தூரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “ஏண்ணா, மாப்பிள்ளை வூட்ல இன்னாவது சொன்னாங்களா? எதுக்குப் பொண்ணை வூட்ல வச்சிக்கச் சொல்ற?”

அதெல்லாம் இல்லை என்றேன். பின்னே என்ன என்றாள். சுற்றிச் சுற்றிப் பேசிப் பார்த்துவிட்டுக் கடைசியில் சொல்லிவிட்டேன். “டீசல் எஞ்சின் ஓடலமா. கரண்ட் போயி நெருப்புப் புடிச்சா ஒரு சொட்டுத் தண்ணி வராது.”

அமுதா சிரித்த சிரிப்பில் புரை ஏறியது. “போன மாசம் இன்னா சொன்ன? நீ வால்வத் தெறந்தா மெட்ராஸே முங்கிடும்னு சொல்லல?”

“அது வேற. இது நெசம்.”

“அதுவும் நெசம்னுதான் சொன்ன.”

கஸ்தூரி என் தட்டில் இன்னும் இரண்டு இறாலைப் போட்டாள். “எஞ்சின் ஓடலனா நல்லதுதானேண்ணா. எறா நிக்கும். துன்னு.”

தின்றேன்.

தயா.வுக்கு போன் செய்தேன். திங்கள் கட்டிங் வேண்டாம், பேட்டரி வரட்டும் என்றேன். “மழை ஒனக்காக நிக்குமா? மெத்தை நனைஞ்சா நீ காசு கட்டறியா? ஒரே நாள் வேலைண்ணே. பேஜார் பண்ணாத, வையி.”

ஐப்பசி 24, திங்கள்

கம்பெனி முற்றத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கை ஓடவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதப் பார்க்கிறேன்.

காலையில் காற்று. கூரை மேல் இரண்டு பேர், கேஸ் சிலிண்டர், கட்டிங் ஆரம்பம். நான் பம்ப் ஹவுஸ் வாசலில் நின்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொறி மத்தாப்பு மாதிரி கொட்டியது. தார்ப்பாய் கட்டியிருந்தது உண்மைதான். காற்று அதைப் படகுப் பாய் மாதிரி தூக்கித் தூக்கிப் போட்டது.

டீக்கு முன்னால் கரண்ட் போயிற்று. சின்ன பம்ப்பின் முனகல் நின்றது. அந்த முனகல் எனக்கு எப்போதும் காதில் விழுவதே இல்லை. நின்றதும் விழுந்தது.

கூரையைப் பார்த்தேன். பொறி நிற்கவில்லை. அவர்களுக்குக் கரண்ட் எதற்கு, கேஸ்தானே. “நிறுத்துங்கடா” என்று கத்தினேன். காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கையைக் காட்டினேன். ஒருவன் பதிலுக்குக் கையைக் காட்டினான், சிரித்துக்கொண்டு.

பொத்தானை அழுத்தினேன். டிக்.

அப்புறம் நான் ஓடினது தெரியும். குடோன் வாசலில் சைரனுக்கான சிவப்புப் பெட்டி, மேலே கண்ணாடி. நெருப்பைப் பார்த்தவன் மட்டும்தான் உடைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். நெருப்பு எங்கும் இல்லை. உடைத்தேன். சைரனுக்குத் தனி பேட்டரி. அது வேலை செய்தது. என்ன சத்தம்! ஆந்திரா வரை கேட்டிருக்கும். சுண்ணாம்புக்குளம் வரையாவது கேட்டிருக்கும்.

பெண்கள் வெளியே வந்தார்கள். ஓடி, தள்ளி, செருப்பை விட்டு. ஒருத்தி விழுந்து முழங்கை சிராய்ப்பு. அது என்னால். ஒவ்வொரு முகமாகத் தேடி அமுதாவைக் கண்ணால் பார்த்தேன்.

தயா. வந்தார். “எங்கய்யா நெருப்பு?”

“இல்ல சார்.”

“இல்லயா? பின்ன எவன் ஒடைச்சான்?”

“நான்தான்.”

“யோவ், குடிச்சிக்கிறியா? எத்தினி பேர் வேலை நிக்குது, தெரியுமா?”

அதற்குள் ஓடைப்பக்கக் கம்பிவேலியில் கூச்சல். சைரன் கேட்டு, தடவிக்கொண்டிருந்த தாய்மார்கள் அப்படியே ஏறி ஓடி வந்திருக்கிறார்கள். இடுப்புவரை சேறு. சிலர் கழுத்தில் பறி இன்னும் தொங்கியது. கஸ்தூரி கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு “அமுதா, ஏ அமுதா” என்று ஒரே கத்தல். மகள் வேலிக்கு ஓடி விரலை நீட்டித் தொட்டதும்தான் நிறுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ண்ணா. எஞ்சின் ஓடலன்னு அன்னிக்குச் சொன்னது நெசமா?”

“நெசம்.”

“எப்பலேர்ந்து?”

“தெரியாது. நீ ஓட்ட வேணாம்னு சொன்னதுலேர்ந்து நான் ஓட்டிப் பாக்கவே இல்ல.”

அவள் கையிலிருந்த சேற்றைப் புடவையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

தயா. என்னைப் பிடித்துத் தள்ளினார். “கதை உடாதடா. வா, எல்லார் முன்னாடியும் அழுத்திக் காட்டு.” குடோன் பெண்கள் பின்னாலேயே வந்தார்கள். பம்ப் ஹவுஸ் கதவைத் திறந்து வைத்து அழுத்தினேன். சைரனை அதற்குள் யாரோ நிறுத்தியிருந்தார்கள். டிக் என்றது கடைசி வரிசை வரை கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

பெண்கள் போய் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே போங்கள் என்று தயா. முதலில் கத்தினார், பிறகு கெஞ்சினார், பிறகு அரை நாள் சம்பளம் பிடிப்பேன் என்றார். கூரை மேல் இருந்தவர்களைக் கீழே இறக்கினார். பொன்னேரிக்கு போன் போட்டார். இத்தனை நாள் வராத பேட்டரி, வண்டியில் ஏற்றியாயிற்றாம்.

எனக்கு வேலை போய்விட்டது என்று என் காதுபடவே சொன்னார். ஊர்ப் பாடும் போயிற்றாம். அதைச் சொன்னபோது வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வருஷப் பாட்டுக்காரரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. முற்றத்தில் உட்கார்ந்திருந்த தன் மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது சற்று முன் கரண்ட் வந்தது. சின்ன பம்ப் முனகத் தொடங்கியது. தயா. முகத்தில் உயிர் வந்துவிட்டது. “அதான் கரண்ட் வந்துடிச்சே! பெரிய பம்ப் ஓடும். எந்திரிங்க, எந்திரிங்க. கட்டிங் ஆளுங்களும் மேல போங்க. இன்னும் அரைத் தகரம்தான்.”

சிலர் எழுந்தார்கள். புடவையைத் தட்டிக்கொண்டார்கள். காற்று இன்னும் விடவில்லை, கரண்ட் மறுபடி எப்போது வேண்டுமானாலும் போகும்.

அமுதா எழுந்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டாள். கிண்டல் இல்லாமல் அவள் என்னிடம் பேசியதே கிடையாது. “மாமா, நீ சொல்லு. போவலாமா?”

எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். தயா.வும். வேலிக்கு அந்தப் பக்கம் கஸ்தூரியும். இத்தனை வருஷம் எவ்வளவோ பேசியிருக்கிறேன், ஒருவரும் இப்படிப் பார்த்ததில்லை.  போகலாம் என்றால் தயா. ஒருவேளை என்னை வைத்துக்கொள்வார்.

வேண்டாம் என்றேன்.

உட்கார்ந்துவிட்டார்கள். மறுபடி தூறல். யாரும் மழைக்கு ஒதுங்கவில்லை.