ஐம்பது மீட்டர் வரை

ஜனவரி 7, 2026, புதன்

உறுதியானது: இன்று காலை ஐந்தே முக்காலுக்கு, வீட்டில் இருக்கும் சுந்தரேஷின் போன், அவர் கையில் கட்டிப்போன ஸ்மார்ட் கடிகாரத்தோடு இணைந்தது. நாடித்துடிப்பு ஐம்பத்தெட்டு. ஆதாரம்: நானே பார்த்தேன்.

சுந்தரேஷ் கீழ்வீட்டுக்காரர், மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். டிசம்பர் 19 விடியலில் நடக்கப் போனவர் திரும்பவில்லை. போனை வழக்கம்போல வீட்டிலேயே விட்டுப் போயிருந்தார்.

அவர் மனைவி ஜ்யோத்ஸ்னா கதவைத் தட்டி என்னை எழுப்பினாள். "அங்கிள், நாலு நாளா டெய்லி வரது. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிடறது. நாடி இருக்குன்னா ஆள் இருக்கார்னுதானே அர்த்தம்?"

அந்தக் கடிகாரம் போனோடு இணைய வேண்டுமானால் பத்து மீட்டருக்குள் இருக்க வேண்டும். பின்சந்து, மாடிப்படி, ஸ்கூட்டர் கொட்டகை எல்லாம் பார்த்தோம். பனிமூட்டம்தான் இருந்தது.

ஜனவரி 8

கடிகாரம் வந்த பெட்டியை ஜ்யோத்ஸ்னா எடுத்து வந்தாள். "நீர் புகாது, 50 மீட்டர் வரை" என்று அச்சிட்டிருந்தது. யமுனையில் விழுந்திருப்பார் என்கிறார்களாம் போலீஸ் ஸ்டேஷனில். விழுந்திருந்தால் கடிகாரம் என்ன ஆகியிருக்கும்?

இதைப் பற்றி முன்பே பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். ஐம்பது மீட்டர் என்பது ஆழம் அல்ல. புதுக் கடிகாரத்தை அசையாத தண்ணீரில், அந்த ஆழத்துக்குரிய அழுத்தத்தில் சிறிது நேரம் வைத்து எடுத்ததற்கான குறி. முப்பது என்றால் மழைத்தூறல் தாங்கும். ஐம்பது என்றால் நீச்சல்குளம். முங்கு நீச்சலுக்குத் தனிச் சோதனை உண்டு. தண்ணீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் வளையம். வெந்நீரும் சோப்பும் வயதும் அதைத் தின்றுவிடும்.

"அப்போ தண்ணில விழுந்திருந்தா இந்நேரம் கெட்டுப்போயிருக்கும். கெடலை. அவர் தண்ணில இல்லை."

பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்றை அவளிடம் சொல்லவில்லை. என்னிடம் இருப்பதும் அதே மாடல்; சுந்தரேஷ் வற்புறுத்தி வாங்க வைத்தது. ("பட்டாபி, எதுக்கும் ரெண்டு சோர்ஸ் கேப்பீரே, கல்யாணத்துக்கு முன்னாடி மாமி சமையல் நன்னாருக்குன்னு மட்டும் ஒரே சோர்ஸ்ல நம்பினீரா?" என்று கடைக்காரன் முன்னால் கேட்டார்.) மதியம் அதைத் தண்ணீர் பாட்டிலில் கட்டிப் பார்த்தேன். பாட்டிலுக்கு நாடி எழுபத்தொன்று. ஒளியை வைத்து அளக்கும் கருவி. எதையாவது தொட்டால் எதையாவது சொல்லும்.

ஜனவரி 9

ஐந்தே முக்கால். ஐம்பத்தெட்டு. பம்ப் சத்தத்தில்தான் விழித்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

நேற்று மாலையிலிருந்து ஜல் போர்டு குழாய்த் தண்ணீர் வரவில்லை. பம்ப் ஆபரேட்டர் ராம்சரண் ஒவ்வொரு மாடியாகக் கத்திக்கொண்டு போனார்: "பானி நஹீ ஆயா, பாபுஜி!"

பத்து மணிக்கு ஜ்யோத்ஸ்னா ஓடிவந்தாள். மூன்று வாரத்தில் அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். "இன்னிக்கிப் போகவே இல்லை அங்கிள்! காலைலேர்ந்து கூடவே இருக்கார்! உங்களுக்கு காப்பி போட்டுக் கொண்டு வரலாம்னா ஜலம்தான் இல்லை."

அவள் போன பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அந்த சிக்னல் தண்ணீருக்குள் போகாது. காலையில் பம்ப் ஓடுகிறது, தரைக்கடியில் இருக்கும் தொட்டியில் மட்டம் இறங்குகிறது — இணைகிறது. குழாய்த் தண்ணீர் வந்து தொட்டி நிறைகிறது — அறுந்துபோகிறது. இன்று நிறையவில்லை. அதனால் போகவில்லை.

தொட்டி அவள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே. அந்தத் தண்ணிதானே எல்லாரும் — இத்தனை நாளா —

எப்படிச் சொல்றது இவகிட்ட?

ஜனவரி 12

சொன்னேன். அழவில்லை. "முந்தாநாள் வரைக்கும் அதுலதான் காப்பி போட்டேன்" என்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். மூடியின் பூட்டு துருவேறி இறுகியிருந்தது, சாவி நுழையவில்லை. வெட்டினார்கள். தீபாவளிக்கு முன்பு சுத்தம் செய்து பூட்டியதோடு சரி என்கிறார் ராம்சரண்.

மிச்சமிருந்த தண்ணீரை முழுக்க இறைத்தார்கள். டார்ச் அடித்து நானும் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை.

இறங்கும் ஏணியில், பாதி ஆழத்தில் ஒரு படிக்கம்பி. கடிகாரம் அதைச் சுற்றிக் கட்டியிருந்தது. மூன்றாவது துளையில், சுந்தரேஷ் போடுவது போல. கம்பி விரல் கனம்தான். வார் ஒரு மணிக்கட்டுக்கு இடம் விட்டு வட்டமாக நின்றது. கருவி எதையும் தொடவில்லை.

"கோயி மஜாக் கர் ரஹா ஹை" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். யாரோ விளையாடுகிறார்களாம். அவர் குரலில் விளையாட்டு இல்லை.

ராம்சரண் அதைக் கொண்டுவந்து அவசரமாக என் கையில் வைத்தார். "கரம் ஹை, பாபுஜி." ஆமாம், பின்பக்கம் சூடாக இருந்தது. என் விரல்கள் குளிரில் விறைத்திருந்தன. அதனால் அப்படித் தோன்றியிருக்கலாம். கண்ணாடியில் பட்டிருந்த சேற்றைத் துடைத்தேன். ஐம்பத்தெட்டு.

"ஆள் உள்ள இல்லையே, அங்கிள்," என்றாள் ஜ்யோத்ஸ்னா. "இல்லைதானே? நன்னாப் பாத்தேளா?"

நன்றாகப் பார்த்தேன்.

ஜனவரி 15

பொங்கல். கேன் தண்ணீரில் வைத்தோம்.

ஜனவரி 17, சனி

போலீஸ் கடிகாரத்தை நேரு பிளேஸில் ஒரு சர்வீஸ் சென்டருக்கு அனுப்பியிருந்தது. அங்கே திறந்த டெக்னீஷியனிடம் போனில் பேசினேன். ரப்பர் வளையம் இரண்டாக அறுந்திருக்கிறது, பழைய முறிவு. முதல் நாளே தண்ணீர் புகுந்திருக்க வேண்டும். உள்ளே ஒரு துளி ஈரம் இல்லை. இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அதையே சொன்னார். பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்திருக்கிறார்.

ஜ்யோத்ஸ்னா புசா ரோடில் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். சுந்தரேஷின் போனை என்னிடம் கொடுத்தாள்.

"நீங்க வெச்சுக்கோங்கோ. வந்தார்னா சொல்லுங்கோ. வரலேன்னா சொல்ல வேண்டாம்."

ஜனவரி 18, ஞாயிறு

பம்ப் ஓடியது. விழித்துத்தான் இருந்தேன். போன் மேசைமேல், திரை கீழாக. கடிகாரம் நகரத்தின் இன்னொரு கோடியில், பேட்டரி இல்லாமல்.

ஐந்தே முக்காலுக்கு மேசை ஒருமுறை அதிர்ந்தது. ஏதாவது விளம்பரமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு காலையில் யார் அனுப்புவார்கள்?

முப்பத்தாறு வருடமாக எதையும் பார்க்காமல் எழுதியதில்லை. கையை நீட்டினேன். பிறகு போனைத் தொடாமலே பின்னால் இழுத்துக்கொண்டேன். ஜ்யோத்ஸ்னாவுக்கு இன்று ஒன்றும் சொல்லவில்லை.

நிலுவை: தண்ணீருக்குள் இருந்த நேரம் முழுக்க கடிகாரம் தன் நினைவில் பதிந்துவைத்த நாடி விவரம். 22ஆம் தேதி, வியாழக்கிழமை தருவதாக சர்வீஸ் சென்டரில் சொல்லியிருக்கிறார்கள்.